திரும்பிப் பார்த்து நடப்பவன்

அந்தக் கம்பெனிக்கென்று ஒரு தனி முகம் உண்டு என்பது ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த பிறகு, கடைசியாகத்தான் கம்பெனிக்குத் தெரியவந்தது. வீடியோ கேம் விளையாடுகிற யாரிடமாவது, பெயரைச் சொல்லாமல், மேலட்டையைக் காட்டாமல், அவர்கள் செய்த விளையாட்டு எதையாவது திரையில் ஓடவிட்டு, ஒரு ஆள் தெருவில் நடந்து போவதை மட்டும் காட்டினால் போதும். "ஓ, இவங்களா" என்று சொல்லிவிடுவார்கள்.

ராஜாவோ, திருடனோ, நடுவில் புத்தி கெட்டுப்போய் செய்த ஒன்றில் வந்த இயந்திர மனிதனோ, அவர்களுடைய கதாநாயகன் யாராக இருந்தாலும் ஒரே மாதிரிதான் நடப்பான். செருப்பின் வார் அறுந்துபோய் விரலால் இடுக்கிக்கொண்டு போகிறவனைப்போல இடது காலைக் கொஞ்சம் தேய்த்து வைப்பான். இயந்திர மனிதனுக்குச் செருப்பு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் நடையைத் தளர்த்துவான். தோளை மட்டும் திருப்பிப் பின்னால் பார்ப்பான். அதுவும் நேராக இல்லை, தாழ்வாக, தரையை ஒட்டி. அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் பார்த்து முடித்ததும், சரி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்பதுபோல மறுபடி நடப்பான்.

யாரைப் பார்க்கிறான்? இதைக் கண்டுபிடிக்கிறேன் என்று இணையத்தில் மல்லுக்கட்டியவர்களுக்குக் கணக்கே இல்லை. செத்துப்போன நாயை என்றார்கள். கடவுளை என்றார்கள். ஒருவர் முக்கால் மணி நேரம் ஓடுகிற வீடியோ போட்டு, அவன் பார்ப்பது மரணத்தை என்று நிரூபித்தார். அதன் கீழே இன்னொருவர், வீட்டைப் பூட்டினோமா என்று சந்தேகப்பட்டுத்தான் திரும்புகிறான் என்று எழுதியிருந்தார். மரணத்தைவிட பூட்டுக்குத்தான் ஆதரவு அதிகம்.

அந்த நடையைச் செய்தவளைக் கம்பெனியில் 'நடை' என்றே கூப்பிட்டார்கள். சின்னவர்கள் மரியாதைக்கு 'நடை அக்கா' என்பார்கள். அனிமேஷன் வேலை அவளுக்கு. உருவங்களை மற்றவர்கள் வரைந்து கொடுத்துவிடுவார்கள். அவற்றை எழுப்பி நடக்கவிடுவது அவள் பொறுப்பு. மேசைக்குப் பக்கத்தில் பழைய அலமாரிக் கதவு ஒன்றைக் கண்ணாடியோடு சாய்த்து வைத்திருந்தாள். கிழவன் படியேற வேண்டும் என்றால் அவள் அந்தக் கண்ணாடி முன்னால் கிழவனாகப் படியேறுவாள். குதிரை மிரள வேண்டும் என்றால் மிரளுவாள். புதிதாக அலுவலகம் வருகிறவர்கள் வராந்தாவில் அவள் எதிரே வந்தால், பாவம் உடம்புக்கு என்னவோ என்று ஒதுங்கி வழிவிடுவார்கள். அவள் அதற்கும் நன்றி சொல்லிவிட்டுத் தொடர்ந்து நொண்டுவாள்.

ஆனால் கதாநாயகன் நடைக்கு மட்டும் அவள் கண்ணாடி முன்னால் நின்றதில்லை. அது அவள் அண்ணனுடைய நடை.

அவர்கள் அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். பொத்தானை அழுத்தினால் மேலே போக வேண்டும், இன்னொன்றை அழுத்தினால் கீழே வர வேண்டும், பிள்ளைகளுக்கும் அதுதான் விதி என்று இருந்தவர். அம்மா துணி தைக்கிற தொழிற்சாலையில் மத்தியான ஷிப்ட். ஆகவே தங்கையைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போய்க் கூட்டி வருவது அண்ணன் தலையில் விழுந்தது. அவன் முன்னால் போவான், அவள் பின்னால். கையைப் பிடித்துக்கொண்டு போனால் சிநேகிதர்கள் கிண்டல் செய்வார்கள் என்பதால் அவன் கை கொடுப்பதில்லை. அதற்குப் பதிலாகத்தான் அந்தத் திரும்பிப் பார்த்தல். பார்க்கிற மாதிரியும் இருக்கக் கூடாது, பிள்ளை தொலைந்துவிடவும் கூடாது.

திரும்பி வரும் வழியில் ஒரு கடை. உள்ளே மூன்று டிவி, சாயம் போன கன்ட்ரோலர்கள், வியர்வை வாசனை. அண்ணன் அரை மணி விளையாடுவான். அவள் பின்னால் நின்று, அவன் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்ப்பாள். உலகத்தில் உள்ள எல்லா வீடியோ கேமிலும் ஓரத்தில் ஒரு பையனின் காது தெரியும் என்றுதான் அவள் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

பிறகு அண்ணன் பரீட்சையில் கோட்டை விட்டான். அப்பா கை நீட்டினார். அதோடு விட்டிருக்கலாம், இனி இந்த வாசப்படியை மிதிக்காதே என்றும் சொன்னார். கோபத்தில் அப்பாக்கள் சொல்கிற இந்த மாதிரி வசனங்களைப் பிள்ளைகள் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பதுதான் குடும்பங்கள் நடக்கிற முறை. இவன் போட்டுக்கொண்டான். மாடிப்படியில் அவள் நின்றிருக்க, அவளைத் தாண்டி இறங்கிப் போனான். அன்றைக்கு மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

சில முறை பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிட்டான். ஏதோ துறைமுகத்தில் வேலை என்றான், பிறகு வேறு ஏதோ ஊர் என்றான். பக்கத்து வீட்டுக்காரர்கள் குடி மாறிப் போனார்கள். அப்புறம் இவர்களும் மாறினார்கள். அவனிடம் இருந்த எண் யாருக்கோ போய்ச் சேர்ந்தது. சண்டை போட்டுப் பிரிவது ஒரு வகை. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றியதால் பிரிவது இன்னொரு வகை. இவர்களுக்கு இரண்டும் வாய்த்தது. அம்மா போலீசுக்குப் போனாள், விளம்பரம் கொடுத்தாள். வயது வந்த பிள்ளை, தானாகப் போனவன், வந்தால் வருவான் என்றார்கள்.

கம்பெனி தொடங்கியபோது டயர் கடைக்கு மேலே ஒரே அறை. முதலாளி, ப்ரோகிராம் எழுதுகிற ஒருவர், அவள். ப்ரோகிராம்காரருக்கு எதைத் தொட்டாலும் தும்மல் வரும் என்பதால் பெயர் தூசி. முதல் விளையாட்டில் ஒரு சிக்கல். கதாநாயகன் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போகும்போது, அந்தத் தெருவை உள்ளேயிருந்து எடுத்து வைக்க இயந்திரத்துக்கு ஒரு மூச்சு நேரம் வேண்டும். அதுவரை ஆள் சிலைபோல நின்றுவிடுவான். அந்த இடைவெளியில் அவனை ஏதாவது செய்ய வை என்று தூசி கெஞ்சினார். கொட்டாவி விடட்டும் என்றார் முதலாளி.

அவள் திரும்பிப் பார்க்க வைத்தாள். யோசித்துச் செய்ததில்லை. கை போனபோக்கில் வந்தது. ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் திரையில் போகிறவன் யாரென்று தெரிந்தது. எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி கொஞ்ச நேரம் நின்றாள். முகம் கழுவிக்கொண்டு வந்தவளுக்கு ஒரு எண்ணம் பிடித்துக்கொண்டது, அது பிறகு விடவே இல்லை. அண்ணன் விளையாடாமல் இருக்க மாட்டான். எங்கே இருந்தாலும், என்ன வேலை செய்தாலும், என்றைக்காவது ஒரு கன்ட்ரோலரைக் கையில் எடுப்பான். எடுத்தால் தன்னையே பார்ப்பான். யாருடா இது என் நடையைத் திருடியது என்று கம்பெனிக்குக் கூப்பிடுவான்.

ஓட்டை ஒடிசல் நிறைந்த திட்டம்தான். ஆனால் அவளிடம் இருந்தது அது ஒன்றே. கம்பெனி கொஞ்சம் வளர்ந்து, வரவேற்புக்கு ஒரு பெண் வந்ததும் அவளிடம், இந்த நடையைச் செய்தது யார் என்று எவர் கேட்டாலும் தனக்கு இணைப்புக் கொடுக்கச் சொல்லி வைத்தாள். அந்தப் பெண்ணுக்கு ஆட்களை வகை பிரிக்கத் தெரியாது. 'நடை' என்ற சொல் காதில் விழுந்தாலே இணைப்புக் கொடுத்துவிடுவாள். அதனால் இவளுக்கு மூட்டு வலித் தைலம் விற்கிறவர்கள் நிறையப் பேர் பழக்கமானார்கள். ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். எடுத்தால் தைலம்.

விளையாட்டு ஓடியது. அடுத்தது செய்தார்கள், அதற்கடுத்தது செய்தார்கள். எல்லாவற்றிலும் அவள் அந்த நடையை வைத்தாள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அது தன்னுடைய யோசனை என்று முதலாளி நம்ப ஆரம்பித்திருந்தார். மனிதன் தன் கடந்த காலத்தைத் திரும்பிப் பார்க்காமல் முன்னேற முடியாது என்று பேட்டிகளில் சொன்னார். கொட்டாவி விடச் சொன்னவர் இவர்தான் என்பது தூசிக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். தூசி தும்மினாரே தவிர வாய் திறக்கவில்லை.

அப்படியே காலம் போயிருக்கும். கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. டயர் வாசனை போய், குளிர்சாதன வாசனை வந்தது. புதிதாக ஒரு தலைமை அதிகாரி வந்தார். சுவரில் படம் விழாமல் அவரால் காலை வணக்கம்கூடச் சொல்ல முடியாது. ஆகவே ஸ்லைடு என்று பெயர் வைத்தாயிற்று. கெட்டவர் இல்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் முதலில் நின்று வழி கொடுக்கிறவர். அவரோடு மூன்று ஆலோசகர்களும் வந்தார்கள். இந்தக் கம்பெனியின் அடையாளம் என்ன என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு கொடுத்து, நம்மை நாமாக ஆக்குவது எது என்று எழுதிக் கண்ணாடிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். முதலாளி 'துணிச்சல்' என்று எழுதினார். தூசி 'தாமதம்' என்று எழுதினார். யாரோ 'காபி மெஷின்' என்று எழுத, அதன் பக்கத்தில் வேறு யாரோ 'அது ரிப்பேர்' என்று ஒட்டினார்கள். அவள் வெறும் சீட்டை ஒட்டினாள். ஆலோசகர்களில் ஒருவர் அதைப் படமெடுத்துக்கொண்டு, இது ரொம்ப ஆழமானது என்றார்.

அப்புறம் ஸ்லைடு தன் படங்களைப் போட்டார். விளையாடுகிறவர்கள் அதிகமாகப் பேசுவது திரும்பிப் பார்க்கிற அந்த ஒரு விஷயத்தைத்தான் என்றது முதல் படம். அதிகமாக எரிச்சல் படுவதும் அதே விஷயத்துக்குத்தான் என்றது இரண்டாவது. பொத்தானை அழுத்தியதும் ஆள் ஓட வேண்டும். இவன் யாரையோ பார்த்து முடித்துவிட்டுத்தான் ஓடுகிறான். ஏன் இது இருக்கிறது என்று ஸ்லைடு கேட்டார். முதலாளி தன் கடந்த கால வசனத்தை எடுத்துவிட்டார். தூசி, அந்தக் காலத்து இயந்திரத்துக்கு மூச்சு வாங்க நேரம் தேவைப்பட்டது, இப்போது தேவையில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டார். உண்மை சொன்னதற்கு அவருக்கே வருத்தமாக இருந்திருக்க வேண்டும். அவள் பக்கம் பார்க்கவில்லை.

தேவையில்லை என்றால் எடுத்துவிடலாம் என்றார் ஸ்லைடு. எடுத்துவிடு என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சட்டையில் ஒட்டிய நூலை எடுப்பதுபோல. இத்தனை வருஷம் இரவும் பகலும் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்த அண்ணனை, அவன் தன்னைத் தானே பார்த்துக்கொள்வதற்கு முன்னால், நிறுத்திவிடப் போகிறார்கள்.

"பின்னால ஒரு சின்னப் பிள்ளை வருது சார்" என்றாள். "அது வருதான்னு பாக்குறான்."

தூசிக்குக்கூடத் தும்மல் வரவில்லை. முதலாளி, அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதுபோலத் தலையாட்டினார். ஸ்லைடின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"அப்ப அந்தப் பிள்ளையைக் காட்டிடலாமே மேடம்" என்றார். "இத்தனை நாளா எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்காங்க. இந்த கேம்ல அது வரட்டும். நீங்களே செய்யுங்க."

காப்பாற்றிவிட்டதாக நினைத்து வெளியே வந்தவளுக்கு, என்ன செய்துவிட்டு வந்தோம் என்பது மேசைக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

பிள்ளையின் உருவம் வந்து சேர்ந்தது. இரட்டைச் சடை, கையில் தண்ணீர் பாட்டில், முதுகில் பை. அதை நடக்கவிட வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தாள். வாத்து மாதிரி வந்தது. மாற்றினாள், பொம்மை மாதிரி வந்தது. இன்னொரு முறை, கல்யாண வீட்டில் வரவேற்க நிற்கிற பெண் மாதிரி வந்தது. கிழவனுக்கும் குதிரைக்கும் வளைந்து கொடுத்த உடம்பு இதற்கு மட்டும் முரண்டு பிடித்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. அவள் அண்ணன் நடந்ததைப் பார்த்திருக்கிறாள். தான் நடந்ததைப் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளை எப்படி நடந்தது என்பது தெரிந்த கண்கள் உலகத்தில் ஒரு ஜோடிதான். அந்தக் கண்களைத்தான் அவள் இத்தனை காலமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

இல்லை, இன்னொரு ஜோடியும் உண்டு என்று நினைத்துக்கொண்டு அம்மாவிடம் போனாள். அம்மாவும் அவளும் ஒரே வீடுதான். அப்பா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. வாசப்படி பற்றி அவர் சொன்ன வாக்கியம் மட்டும் போகாமல் வீட்டிலேயே இருந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையை விட்டு வெகு காலமாகியும் சட்டையை மடிக்கும்போது தையலை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பதை அவள் விடவில்லை.

சின்ன வயசில் தான் எப்படி நடப்பேன் என்று கேட்டாள் மகள். என்னடி திடீர்னு என்றாள் அம்மா. ஆபீஸ் வேலை என்றாள் மகள். இதற்கெல்லாமா ஆபீஸில் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறார்கள் என்று அம்மாவுக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. அதை இப்போதும் கேட்டுவிட்டு, ஒரு சட்டையை மடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்கென்ன தெரியும். நான் வாசல்ல நின்னு பாப்பேன். ரெண்டு முதுகு போகும். ஒண்ணு பெரிசு, ஒண்ணு பை." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அவன் தெருக்கோடி வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாப்பான்" என்றாள்.

"நான் வர்றேனான்னு."

"உன்னையா? நான் நிக்கிறேனான்னு பாப்பான்டி."

அம்மா அடுத்த சட்டையை எடுத்தாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். இத்தனை வருஷம் அந்த ஒரு பார்வையை வைத்துத்தான் அவளும் காலத்தைத் தள்ளியிருக்கிறாள் என்று தெரிந்தது. முதலாளிக்குக் கடந்த காலம், தூசிக்குத் தாமதம், இணையத்துக்கு மரணம், அம்மாவுக்கு அம்மா. தான் மட்டும் உண்மையைக் கையில் வைத்திருப்பதாக நம்பிக்கொண்டிருந்தவளும் அந்த வரிசையில்தான் நிற்கிறாளோ என்று முதல் முறையாகத் தோன்றியது. அன்றைக்கு மகளுக்கு அம்மா மேல் ஒரு பொறாமை வந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது.

கெடு தாண்டியது. தன்னால் முடியவில்லை என்று ஸ்லைடிடம் போய்ச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. பக்கத்து மேசைக்காரருக்கு மழலையர் பள்ளி போகிற வயதில் மகள் இருந்தாள். அவர் அவளைக் கைபேசியில் படமெடுத்து, துள்ளித் துள்ளி வருகிற ஒரு நடையைச் செய்து கொடுத்தார். சடை குதிக்கும், பாட்டில் ஆடும், பிள்ளை நடுநடுவே நின்று பட்டாம்பூச்சிக்குக் கை காட்டும். பார்த்தவர்கள் எல்லோரும் அய்யோ என்று உருகினார்கள். குறை சொல்ல ஒன்றுமே இல்லாத வேலை. அவளும் நன்றாக இருக்கிறது என்றாள். நன்றாகத்தான் இருந்தது.

விளையாட்டு வெளியாகிப் பிய்த்துக்கொண்டு போனது. மரணத்தை நிரூபித்தவர் தன் வீடியோவை நீக்கிவிட்டார். துள்ளும் பிள்ளைக்குப் பொம்மை வந்தது, சாவிக்கொத்து வந்தது. கண்ணாடிச் சுவரில் இருந்த மஞ்சள் சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, கதாநாயகன் திரும்பிப் பார்க்க, பிள்ளை துள்ளி வருகிற படத்தைச் சுவர் முழுக்க ஒட்டினார்கள். அதற்கு மேலே 'இதுதான் நாம்' என்று எழுதியிருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் மேசைக்குப் போக வேண்டும். பஸ்ஸில் ஒருவருக்காக இடம் பிடித்துக் கைக்குட்டை போட்டு வைத்திருக்க, யாரோ கைக்குட்டையை எடுத்து மடியில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டதுபோல இருந்தது.

அதைவிட இன்னொன்று அவளை அரித்தது. அண்ணன் இப்போது விளையாடினால் என்ன ஆகும்? தன் நடையைப் பார்ப்பான். திரையில் இருப்பவன் திரும்புவான், பட்டாம்பூச்சிக்குக் கை காட்டுகிற யாரோ ஒரு பிள்ளை வரும். சே, இது வேறு யாரோ என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுவான். இத்தனை வருஷம் வேய்ந்த கூரையை ஒரே வாக்கியத்தில் நாமே பிரித்துப் போட்டுவிட்டோமே என்று அவளுக்குத் தூக்கம் கெட்டது.

டயர் கடைக் காலத்திலிருந்து அந்தக் கம்பெனியில் ஒரு பழக்கம் இருந்தது. வாங்கியவர்களும் அதில் கை வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டோடு ஒரே அறையில் உட்கார்ந்து, விளையாடுகிறவர்கள் போட்ட வீடியோக்களைப் பார்ப்பார்கள். பாராட்டுக்கு அங்கே இடமில்லை, திட்டுகள் மட்டும்தான். திட்டு வெள்ளி என்று பெயர். வாடிக்கையாளர் பக்கத்தைக் கவனிக்கிறவர் வாரம் முழுக்கத் தேடித் தொகுத்து வருவார். அந்த வாரத் தலைப்பு, துள்ளும் பிள்ளை மேல் வந்த புகார்கள். பிள்ளை குறுக்கே வருகிறது என்றார் ஒருவர். பட்டாம்பூச்சிக்குக் கை காட்டும்போது தன்னைப் புலி அடித்துவிட்டது என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

அடுத்ததில் ஒரு சிறுமி. எட்டு வயது இருக்கலாம். திரையின் மூலையில் அவள் முகம், மற்ற இடமெல்லாம் விளையாட்டு. பின்னால் எங்கோ பாத்திரம் தேய்க்கிற சத்தம். அது நின்றது. ஒரு ஆண் குரல் கேட்டது. ஆள் தெரியவில்லை.

"அந்தப் பிள்ளை அப்படி வராது."

"அப்பா, பேசாத. ரெக்கார்ட் ஓடுது."

"ஓடட்டும். துள்ளிக்கிட்டா வருவா? என் நிழலை மிதிச்சிக்கிட்டே வருவா. மிதிச்சா எனக்கு வலிக்கும்னு சொல்லி வெச்சிருந்தேன், அதுக்குன்னே மிதிப்பா. திரும்பிப் பாத்தா நின்னுடுவா, ஒண்ணும் தெரியாதவ மாதிரி."

சிறுமி தன்னைப் பார்க்கிறவர்களைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். "எங்கப்பாவுக்கு இவங்க கேம்ல வர்றவங்க எல்லாருமே தான்தான்னு நெனப்பு" என்றாள். "எந்த கேம் வாங்குனாலும் இதே பேச்சு."

பாத்திரச் சத்தம் மறுபடி தொடங்கியது. அறை சிரிப்பில் அதிர்ந்தது. நம் கதை எழுதுகிறவரைவிட இந்த அப்பாவுக்குக் கற்பனை அதிகம் என்றார் தூசி. கதை எழுதுகிறவரும் சிரித்தார்.

அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பள்ளிக்கூடம் கிழக்கே. காலையில் போகும்போது வெயில் முகத்தில், சாயங்காலம் மேற்கே திரும்பும்போதும் வெயில் முகத்தில். இரண்டு வேளையும் அண்ணனின் நிழல் பின்னால்தான் கிடக்கும், நீளமாக, அவள் காலுக்கு எட்டுகிற தூரத்தில். தலைப்பக்கம் மிதித்தால் அதிகம் வலிக்கும். அய்யோ என்று தலையைப் பிடித்துக்கொள்வான். எப்படி மறந்தது? அவன் தரையை ஒட்டிப் பார்த்தான் என்று கைக்கு நினைவிருந்தது, ஏன் என்று அவளுக்கு நினைவில்லாமல் போயிருந்தது.

"அதை இன்னொரு தரம் போடுங்க" என்றாள். குறிப்பு எடுக்கப்போகிறாள் என்று நினைத்துப் போட்டார்கள். அடுத்து இன்னொரு தரம் கேட்டபோது தூசி அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மற்றவர்களைச் சாப்பாட்டு டப்பாக்களோடு வெளியே கிளப்பினார். காரணம் கேட்டவர்களிடம் தும்மினார்.

எல்லா விளையாட்டையும் வாங்கியிருக்கிறான். எல்லாவற்றிலும் தன்னைப் பார்த்திருக்கிறான். அப்படியும் கூப்பிடவில்லை. தற்செயல் என்று நினைத்தானா, தெரிந்தும் கூப்பிடக் கூசினானா? சரியான நடையைப் பார்த்தபோதெல்லாம் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டவன், தப்பான நடையைப் பார்த்ததும் பொறுக்காமல் பேசியிருக்கிறான். அவள் பாதி சந்தோஷத்தோடும் பாதி ஆத்திரத்தோடும் பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள்.

அம்மாவிடம் எதையும் விளக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கைபேசியை அம்மாவின் காதருகே வைத்து ஓடவிட்டாள். அம்மா கேட்டாள். வாங்கித் தன் காதில் அழுத்தி வைத்துக்கொண்டு மறுபடி கேட்டாள். திரையைப் பார்க்கவே இல்லை.

"சளி பிடிச்சிருக்கு அவனுக்கு" என்றாள்.

பிறகு முகத்தை மூடிக்கொண்டாள். வெகு நேரம் கழித்து, பாத்திரம் அவன் கழுவுகிறானா, அங்கே யார் இருக்கிறார்கள், அந்தப் பிள்ளைக்கு எத்தனை பல் விழுந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மகளுக்கும் எதற்கும் பதில் தெரியாது. வாசப்படி பற்றி அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: அந்த வீட்டையே இடித்துவிட்டார்கள் என்று அவனுக்குச் சொல்லு.

வீடியோவுக்குக் கீழே எழுதுவதற்கு ஒரு கட்டம் இருந்தது. பல வருஷமாகத் திரையில் ஆட்களை நடக்கவிட்டு ஒருவனுக்குச் சேதி அனுப்பிக்கொண்டிருந்தவளுக்கு, ஒரு வரி எழுத வரவில்லை. 'அன்புள்ள' என்று தொடங்கி அழித்தாள். இப்படி ஒரு சந்தேகம், தவறாக நினைக்க வேண்டாம் என்று எழுதிப் பார்த்தால் தைலம் விற்கிறவர்கள் மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, 'மிதிச்சா நிஜமா வலிச்சுதா?' என்று மட்டும் போட்டாள்.

சனிக்கிழமை பதில் இல்லை. அந்தச் சிறுமியைப் பின்தொடர்கிறவர்கள் சிலர், யாருப்பா இது என்று கேட்டுச் சிரிப்பு முகம் போட்டிருந்தார்கள். அம்மா சமையலறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். கைபேசியை எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கவில்லை. அதைச் சார்ஜில் போட்டாயா என்று மட்டும் அடிக்கடி விசாரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதில் வந்தது. சிறுமிதான் எழுதியிருந்தாள், எழுத்துப் பிழைகளோடு. அப்பாவிடம் படித்துக் காட்டினேன், அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், இன்னும் எழுந்திருக்கவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது, நீங்கள் யார் என்று கேட்டிருந்தாள்.

அவள் அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தங்கச்சி என்று அடிக்கப்போனாள். கேட்டது அண்ணன் இல்லை, அவன் மகள் என்பது அப்போதுதான் உறைத்தது. இதுவரை யாருக்கும் தான் அதுவாக இருந்ததில்லை என்று நினைத்துக்கொண்டே, 'அத்தை' என்று அடித்தாள்.

அம்மா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அனுப்பிடாத, இரு" என்றாள். "நானும் இருக்கேன்னு போடு."